எல்லை தாண்டும் தேவை, எல்லைக்குள் நிற்கும் நிதி: தெற்காசியாவும் நீடித்த வளர்ச்சி இலக்குகளும்

பசி ஒழிப்பு, குடிநீர், கல்வி, எல்லா வீடுகளுக்கும் மின்சாரம், கடல்வளப் பாதுகாப்பு என 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை உலக நாடுகள் 2015 செப்டம்பரில் ஐ.நா. அவையில் ஏற்றுக்கொண்டன. 2030 வரை கெடு வைத்தன. கெடு நெருங்கிவிட்டது, கணக்கோ நம்பிக்கை தருவதாக இல்லை. மதிப்பிட முடிந்த உட்குறிக்கோள்களில் 17 சதவீதம்தான் சரியான தடத்தில் இருப்பதாக ஐ.நா.வின் 2024 அறிக்கை கூறியது. ஆசிய-பசிபிக் வட்டாரம் இதே வேகத்தில் போனால் இலக்குகளை எட்ட 2062 ஆகிவிடும் என்று ஐ.நா.வின் ஆசிய-பசிபிக் பொருளாதார சமூக ஆணையம் அதே ஆண்டில் கணித்தது.

இந்தத் தாமதத்துக்குப் பணப் பற்றாக்குறையைக் காரணம் காட்டுவது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ கால் பங்கு வாழும் தெற்காசியாவை எடுத்துக்கொண்டால் இன்னொரு காரணமும் கண்ணில் படுகிறது. இங்கே ஏழைகளின் வாழ்வைத் தீர்மானிக்கும் ஆறு, மழை, புயல், மீன்வளம் எல்லாமே நாட்டெல்லை தாண்டியவை. வளர்ச்சிக்கான நிதியோ ஒவ்வொரு நாட்டின் கஜானாவுக்கும் தனித்தனியாக வந்து அந்தந்த எல்லைக்குள்ளேயே செலவாகிறது. இந்த இடைவெளியை நிரப்ப இந்த வட்டாரம் நாற்பது ஆண்டுகளாக என்னென்ன முயன்றது, எது பலித்தது, எது பொய்த்தது, ஏன் என்று தொகுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

வளர்ச்சி நிதி குறித்த உலக மாநாடுகள் 2002-இல் மெக்சிகோவின் மான்டெரேயிலும், 2008-இல் தோஹாவிலும், 2015-இல் அடிஸ் அபாபாவிலும் நடந்தன. நான்காவது மாநாடு 2025 ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை ஸ்பெயினின் செவில் நகரில் கூடியது. வளரும் நாடுகளுக்கு ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை இருக்கிறது என்ற மதிப்பீடு அதன் முன் வைக்கப்பட்டது. அமெரிக்கா முன்கூட்டியே விலகிக்கொண்டது.

பணக்கார நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகத் தர வேண்டும் என்பது 1970-இல் ஐ.நா. பொதுச்சபை எடுத்த தீர்மானம். 2024-இல் அந்நாடுகள் தந்தது சுமார் 21,200 கோடி டாலர்; அவற்றின் வருமானத்தில் 0.33 சதவீதம். முந்தைய ஆண்டைவிட இது 7 சதவீதம் குறைவு. அமெரிக்காவின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலையில் இழுத்து மூடப்பட்டது. மானியம் வற்றினால் மிஞ்சுவது கடன். கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிட அதிகமாகக் கடன் வட்டிக்குச் செலவிடும் நாடுகளில் 330 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள் என்பது ஐ.நா.வின் வணிக வளர்ச்சி அமைப்பான அங்க்டாட் தரும் கணக்கு.

கடன் தருவதற்கு வங்கிகள் இல்லாமல் இல்லை. மணிலாவில் 1966 முதல் ஆசிய வளர்ச்சி வங்கி இயங்குகிறது. பெய்ஜிங்கில் 2016-இல் திறக்கப்பட்ட ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியின் மூலதனம் 10,000 கோடி டாலர். அதன் இரண்டாவது பெரிய பங்குதாரர் இந்தியா, அதிகம் கடன் வாங்கியிருப்பதும் இந்தியாவே. ஷாங்காயில் பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கி இருக்கிறது. சென்னையில் 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு நடக்கும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியின் மதிப்பு 63,246 கோடி ரூபாய். இந்த மூன்று வங்கிகளும் ஜப்பானின் ஜைக்கா நிறுவனமும் அதற்குக் கடன் தருகின்றன. எல்லையில் சீனாவுடன் நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகும் பெய்ஜிங் வங்கியுடனான இந்தியாவின் உறவு அறுபடவில்லை.

ஒரு நகரத்தின் ரயில் பாதைக்கு நான்கு இடங்களிலிருந்து கடன் கிடைக்கும்போது, இரண்டு நாடுகளை இணைக்கும் மின்பாதைக்கோ சாலைக்கோ ஏன் எளிதில் கிடைப்பதில்லை? கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது ஓர் அரசு. எல்லை தாண்டும் திட்டத்துக்கு இரண்டு அரசுகளின் உத்தரவாதம் வேண்டும்; இரண்டு சட்டங்கள், இரண்டு நாணயங்கள் குறுக்கே வரும். செலவு ஒரு நாட்டிலும் பயன் மறு நாட்டிலும் விழக்கூடும். தனக்கென ஒதுக்கிய சலுகைக் கடனைப் பக்கத்து நாட்டுக்கும் பயன்படும் வேலையில் போட எந்த நிதியமைச்சரும் தயங்குவார். இதை உணர்ந்துதான் உலக வங்கியின் சலுகைக் கடன் பிரிவு, வட்டாரத் திட்டம் என்றால் நாட்டின் ஒதுக்கீட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு பங்கைத் தனி நிதியிலிருந்து தரும் முறையைக் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதைப் பயன்படுத்தவும் அண்டை நாடுகள் முதலில் ஒரு மேசையில் உட்கார வேண்டும்.

சார்க் கண்ட தேக்கம்

அந்த மேசையாக 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் ஏழு தெற்காசிய நாடுகள் தொடங்கிய வட்டார அமைப்பே சார்க். 2007-இல் ஆப்கானிஸ்தான் எட்டாவதாகச் சேர்ந்தது. தலைவர்களின் கடைசி உச்சி மாநாடு நடந்தது 2014 நவம்பரில், காத்மாண்டுவில். 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது உரி தாக்குதலைத் தொடர்ந்து கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு மாநாடு கூடவே இல்லை. நீடித்த வளர்ச்சி இலக்குகள் பிறந்த பிறகு தெற்காசியத் தலைவர்கள் எட்டுப் பேரும் ஒரு சார்க் மாநாட்டில்கூட அவற்றைப் பேசியதில்லை என்பது வேதனையான உண்மை.

நிதிக்கும் அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. 2010-இல் திம்புவில் தொடங்கிய சார்க் வளர்ச்சி நிதியத்தில் சமூகம், பொருளாதாரம், உள்கட்டமைப்பு என மூன்று பிரிவுகள் வைத்தார்கள். வீட்டிலிருந்தே தைத்தும் பின்னியும் பிழைக்கும் பெண்களுக்குச் சந்தை தேடித் தரும் திட்டம்போல் சில நல்ல வேலைகளும் நடந்தன. ஆனால் வட்டாரத்தின் தேவையோடு ஒப்பிட்டால் அதன் பணம் மிகச் சிறியது. அதற்கு வழிகாட்ட வேண்டிய அரசியல் அரங்கமும் முடங்கிக் கிடக்கிறது. 1988-இல் உருவாக்கிய சார்க் உணவுப் பாதுகாப்புக் கையிருப்பு ஒருமுறைகூடப் பயன்படாமலே போய், 2007-இல் உணவு வங்கி என்ற பெயரில் அதைத் திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று. கையிருப்பு ஏட்டில் இருந்தது. யார் கேட்பது, என்ன விலை, எப்படி ஏற்றி அனுப்புவது என்ற நடைமுறைதான் கூடிவரவில்லை.

பாகிஸ்தான் இல்லாத மாற்று அரங்கமாக இந்தியா கைக்கொண்டது வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக். 1997-இல் பாங்காக்கில் தொடங்கியது. அதற்கென ஒரு சாசனம் 2022-இல் கொழும்பு மாநாட்டில் கையெழுத்தாகி, 2024 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. தடையற்ற வணிகத்துக்கான அடிப்படை ஒப்பந்தம் 2004-இலேயே போடப்பட்டும் இன்னும் முழு வடிவம் பெறவில்லை. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய ஆறாவது மாநாடு 2030-க்கான தொலைநோக்கை அறிவித்தது. ஆவணங்கள் சேர்கின்றன, அவற்றோடு பணம் சேரவில்லை.

வணிகத்தில் இதன் விளைவைக் கண்கூடாகக் காணலாம். தெற்காசிய நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் சுமார் 5 சதவீதமே. 2018-இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வு, 2,300 கோடி டாலராக இருக்கும் இந்த வணிகம் 6,700 கோடி டாலர் வரை வளரக்கூடியது என்றது. அண்டை நாட்டோடு வணிகம் செய்வதைவிட பிரேசிலோடு செய்வது இந்திய நிறுவனத்துக்குச் சுமார் 20 சதவீதம் மலிவு என்றும் அது கணக்கிட்டது.

மேற்கு வங்கத்தின் பெட்ராபோல் எல்லைச்சாவடிக்குச் சரக்கோடு போகும் ஒரு லாரியைப் பின்தொடர்ந்தால் அதன் காரணம் புரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் வங்கதேசத்தின் பேனாபோல். இந்திய லாரி வரிசையில் நின்று, காகிதங்களுக்காகக் காத்திருந்து, அந்தப் பக்கம் போய்ச் சரக்கை இறக்கும். வங்கதேச லாரி அதை மீண்டும் ஏற்றும். எல்லையைக் கடக்க ஆகும் நேரம் 138 மணி என்றும், அதில் சரக்கு மாற்றி ஏற்ற மட்டும் 28 மணி ஆகிறது என்றும் 2021-இல் உலக வங்கி கூறியது. இதே அளவு போக்குவரத்துள்ள எல்லைகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆறு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறார்களாம். லாரிகள் நேராகப் போய்வர வழிசெய்யும் மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும் 2015 ஜூனில் கையெழுத்திட்டன. மலைநாட்டின் சுற்றுச்சூழல் கெடும், உள்ளூர் லாரிக்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சி பூடானின் மேலவை அதை நிராகரித்தது. அந்த அச்சம் நியாயமானது. இழப்பவர்களுக்கு ஈடு தரும் நிதியை ஒப்பந்தத்தோடு சேர்த்தே யோசித்திருக்க வேண்டும்.

மின்கம்பி சேர்த்த நாடுகள்

தேக்கமே கதை முழுதும் என்று எண்ணிவிட வேண்டாம். மின்சாரத்தில் இந்த வட்டாரம் சாதித்திருக்கிறது.

பூடானின் சுக்கா நீர்மின் நிலையம் 336 மெகாவாட் திறன் கொண்டது. 1980-களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கியது. கட்டும் செலவில் 60 சதவீதத்தை இந்தியா மானியமாகவும் 40 சதவீதத்தைக் கடனாகவும் தந்தது. பூடானின் தேவைக்குப் போக மீதி மின்சாரத்தை இந்தியாவே வாங்கிக்கொண்டது. அந்த வருமானத்தில் கடன் அடைந்தது. இலவசக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் பணம் கிடைத்தது. 1,020 மெகாவாட் தாலா திட்டமும் இதே முறையில் வந்தது. பூடான் 2023 டிசம்பரில் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறியதில் இந்த மின்சாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் பிந்தைய திட்டங்களில் கடனின் பங்கு கூடியது. 2019-இல் முடிந்த மாங்தேச்சு திட்டத்தில் மானியம் 30 சதவீதமாகவும் கடன் 70 சதவீதமாகவும் மாறின. புனத்சாங்சு முதல் திட்டத்தில் அணை கட்டும் இடத்தில் மலைச்சரிவே நகர்ந்ததால் வேலை ஆண்டுக்கணக்கில் நின்று செலவு எகிறியது. பூடானின் பொதுக்கடன் அதன் ஆண்டு உற்பத்தி மதிப்பையே தாண்டிப்போனதில் நீர்மின் கடனே முதன்மையானது. ஒத்துழைப்பு நன்றாக இருந்தாலும் மானியமும் கடனும் கலக்கும் விகிதம் பிசகினால், இயற்கை தரும் இடரைச் சிறிய நாடே சுமக்க நேரும் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

நேபாளத்தின் கதை இன்னும் ஊக்கம் தருவது. 2000-களின் இறுதியில் அங்கே ஆறுகள் வற்றும் குளிர்காலத்தில் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல்கூட மின்வெட்டு இருந்தது. 2016-இல் தல்கேபர்–முசாபர்பூர் மின்பாதை வழியாக இந்திய மின்சாரம் வந்தது அந்த இருளைப் போக்க உதவியது. பிறகு நேபாளத்தில் புதிய நீர்மின் நிலையங்கள் வரவே, மின்சாரம் அதே கம்பியில் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியது. 2021 நவம்பரில் நேபாளம் இந்திய மின்சந்தையில் 39 மெகாவாட்டை முதன்முறையாக விற்றது. 2024 அக்டோபரில் நேபாளம், இந்தியா, வங்கதேசம் மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை, ஆறுகள் நிரம்பி ஓடும் காலத்தில், நேபாளம் 40 மெகாவாட்டை இந்தியக் கம்பிகள் வழியாக வங்கதேசத்துக்கு யூனிட் 6.4 அமெரிக்க சென்ட் விலையில் விற்கும். அளவு சிறிதுதான். ஆனால் ஒரு தெற்காசிய நாட்டின் மின்சாரம் இரண்டாவது நாட்டைக் கடந்து மூன்றாவது நாட்டுக்குப் போவது இதுவே முதல்முறை. வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து இரண்டே மாதங்களில், டாக்காவுக்கும் டெல்லிக்கும் உறவு கசந்திருந்த வேளையில் இந்தக் கையெழுத்து விழுந்தது. மூன்று மின் நிறுவனங்களின் அதிகாரிகள் விலை, மீட்டர், காலம் எல்லாவற்றையும் முன்பே பேசி முடித்திருந்ததால் அது நடந்தது.

இங்கும் அரசியல் தலையிடாமல் இல்லை. சீன முதலீடோ ஒப்பந்தக்காரர்களோ உள்ள நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை. யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மக்கள் இந்தப் போட்டியின் விலையை நேரடியாகக் கொடுத்தார்கள். இந்தத் தீவுகளுக்கு மின்சாரம் தந்தவை டீசல் இயந்திரங்கள். டீசல் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்நிலையங்களை அமைக்க ஆசிய வளர்ச்சி வங்கியின் நிதியோடு திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் வேலை ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. தமிழகக் கரைக்கு இவ்வளவு பக்கத்திலா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை நிறுத்தப்பட்டது. கடனுக்குப் பதிலாகச் சுமார் 1.1 கோடி டாலரை மானியமாகத் தர இந்தியா முன்வந்து, 2024 மார்ச்சில் இந்திய நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. கடன் மானியமாக மாறியது இலங்கைக்கு லாபம். இடையில் போன மூன்று ஆண்டுகள் தீவு மக்களின் நஷ்டம்.

புயல் கற்றுத் தந்த ஒழுங்கு

பணம் குறைவாக இருந்தும் உயிர்களைக் காத்த ஒத்துழைப்பு ஒன்று உண்டு. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் 3 லட்சம் முதல் 5 லட்சம் பேர் வரை இறந்தார்கள். அதையடுத்து 1972-இல் உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய ஆணையமும் சேர்ந்து வங்காள விரிகுடா, அரபிக்கடல் நாடுகளுக்கான புயல் குழுவை ஏற்படுத்தின. இன்று அதில் 13 நாடுகள். இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் ஒன்றாகவே இருக்கின்றன. டெல்லி வானிலை மையம் தரும் முன்னறிவிப்பு எல்லா நாடுகளுக்கும் போகிறது. புயல்களுக்குப் பெயரும் இந்த நாடுகளே முறைவைத்துச் சூட்டுகின்றன. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறி டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்த 'கஜா'வுக்குப் பெயர் தந்தது இலங்கை.

இந்த முன்னறிவிப்பின் மேல் வங்கதேசம் 70,000-க்கு மேற்பட்ட தன்னார்வலர்களையும் புயல் காப்பகங்களையும் கட்டியெழுப்பியது. 1991 புயலில் அங்கே ஏறத்தாழ 1.4 லட்சம் பேர் மாண்டார்கள். 2020-இல் மிகக் கடும் புயலாக உருவெடுத்த 'ஆம்பன்' இந்தியாவையும் வங்கதேசத்தையும் தாக்கியபோது இரு நாடுகளிலும் சேர்த்து உயிரிழப்பு நூறுகளில் நின்றது. 2004 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் இறந்ததற்கு ஒரு காரணம், இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பே இல்லாதது. இன்று ஹைதராபாத் மையம் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மையங்களோடு சேர்ந்து இந்தப் பெருங்கடல் நாடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை தருகிறது.

எச்சரிக்கை இருந்தும் பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் மழை இலங்கையில் 600-க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. மலையகத்தில் மண்சரிவில் சிக்கி இறந்தவர்கள் பலர். புயலின் பாதை தெரிந்திருந்தது. சரிவிலிருந்து வீடுகளை மாற்ற முன்பே செலவிட்டிருக்க வேண்டிய பணம் இல்லை. 2022 வெள்ளத்தில் பாகிஸ்தான் அடைந்த சேதமும் இழப்பும் 3,000 கோடி டாலர் அளவு. ஜெனிவாவில் நாடுகள் 900 கோடி டாலருக்கு மேல் தருவதாகச் சொன்னாலும் அதில் பெரும்பகுதி கடன்தான். பேரிடரில் உடனே எடுத்துச் செலவிட இந்த வட்டாரத்துக்கென ஒரு நிதி இன்றும் இல்லை.

கடன் நெருக்கடியும் அண்டை வீட்டாரும்

இலங்கை 2022 ஏப்ரலில் தன் வெளிநாட்டுக் கடனை இப்போதைக்கு அடைக்க முடியாது என்று அறிவித்தது. வெளிக்கடன் 5,100 கோடி டாலர். பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள்; மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்தது. வறுமை ஓராண்டில் ஏறத்தாழ இரு மடங்காகி 25 சதவீதத்தைத் தொட்டது என்று உலக வங்கி கணக்கிட்டது. வளர்ச்சி இலக்குகளில் தெற்காசியாவின் முன்வரிசையில் நின்ற நாடு அது.

சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டாலர் உதவிக்கு ஒப்புதல் கிடைத்தது 2023 மார்ச் 20 அன்று. அறிவிப்புக்கும் அதற்கும் இடையில் ஏறத்தாழ ஓராண்டு. அந்தக் காலத்தில் நாட்டை நிற்கவைத்ததில் அண்டை நாடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சார்க் நாடுகளுக்கென ரிசர்வ் வங்கி 2012-இல் தொடங்கிய நாணய மாற்று ஏற்பாட்டில் இந்தியா 40 கோடி டாலர் தந்தது. நாடுகளின் வணிகக் கணக்குகளைத் தீர்க்க 1974-இல் உருவான ஆசியத் தீர்வக ஒன்றியத்தின் வழியே இலங்கை தர வேண்டிய தொகைக்குத் தவணை நீட்டியது. எரிபொருளுக்கும் உணவுக்கும் மருந்துக்கும் கடன் வசதி திறந்தது. அந்த ஆண்டில் இந்தியாவின் மொத்த உதவி 400 கோடி டாலர் அளவு. வங்கதேசம் 2021-இலேயே 20 கோடி டாலர் தந்திருந்தது. வேறொரு நாட்டுக்கு அது கடன் கொடுத்தது அதுவே முதல்முறை. தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்ற, அரிசியும் பால்பவுடரும் மருந்தும் 2022 மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறின.

இந்த உதவிகளில் விரைந்து கைகொடுத்தவை, நாணய மாற்று, தீர்வக ஒன்றியம் போன்று முன்பே விதிகளோடு இருந்த ஏற்பாடுகள் என்பது கவனிக்க வேண்டியது. கடனை மறுசீரமைக்கும் பேச்சில் அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லை. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஒரு குழுவாகவும் சீனா தனியாகவும் பேசின. அந்தக் குழுவோடு சுமார் 580 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு கையெழுத்தாக 2024 ஜூன் ஆகிவிட்டது.

பாக் நீரிணையில் ஒரு படகின் கணக்கு

நிதி இருந்தும் இலக்கு தவறுவதற்குத் தமிழருக்கு மிக அருகில் உள்ள எடுத்துக்காட்டு பாக் நீரிணை. ஆழம் குறைந்த இந்தக் கடலில் இழுவை மடி போட்டால் அடித்தரை அரிக்கப்பட்டு மீன்குஞ்சுகளும் அழியும். தமிழக விசைப்படகுகள் எல்லை தாண்டுகின்றன. வடமாகாண மீனவர்களின் வலைகள் அறுபடுகின்றன. இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. இருபுறமும் தமிழ் மீனவர்களே. இழுவை மடியைக் கூடிய விரைவில் விட்டொழிப்பது என்று இரு அரசுகளும் 2016 நவம்பரில் ஒப்புக்கொண்டன. 2017-இல் இலங்கை அதைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது.

அதே ஆண்டில் இந்தியா 1,600 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாக, ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகுகள் தருவது நோக்கம். ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம் மானியம். வங்கிக் கடன் 16 லட்சம், மீனவரின் கைப்பணம் 8 லட்சம். காகிதத்தில் தாராளமான கணக்கு. ஆனால் மாலையில் போய்க் காலையில் திரும்பும் தொழிலுக்குப் பழகியவர் நாள்கணக்கில் மன்னார் வளைகுடாவுக்கும் அப்பால் தங்க வேண்டும். டீசலும் பனிக்கட்டியும் ஆள்கூலியும் ஒவ்வொரு பயணத்துக்கும் பெருகும். பிடித்த சூரைக்கு நல்ல விலை கிடைக்கக் குளிர்பதனமும் ஏற்றுமதித் தொடர்பும் வேண்டும். அவை இல்லாமல் படகு மட்டும் வந்தால் 24 லட்சம் ரூபாய்ப் பொறுப்பை ஏற்க யார் முன்வருவார்? திட்டம் தன் இலக்கின் சிறு பகுதியோடு நின்றது.

மறுகரையில் வலை இழந்தவருக்கு ஈடு தரவும், வளம் மீளும்வரை இரு கரைகளையும் கண்காணிக்கவும் பொது நிதி எதுவும் இல்லை. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு நான்கும் உறுப்பினராக உள்ள வங்காள விரிகுடாத் திட்ட அமைப்பின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. மீன்வளத்தைக் கூட்டாக அளவிடவும் மீனவர் பேச்சுகளுக்கு அறிவியல் துணை தரவும் அதற்குப் பணமும் அதிகாரமும் தந்தால் பயன் பெரிதாக இருக்கும்.

பிற வட்டாரங்கள் செய்தது

1997 நெருக்கடியில் அடிபட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகள் சீனா, ஜப்பான், தென்கொரியாவோடு சேர்ந்து 24,000 கோடி டாலர் பொதுக் காப்பு ஏற்பாட்டை உருவாக்கின. அதிலிருந்து இதுவரை எந்த நாடும் பணம் எடுத்ததில்லை. ஆனால் அதற்காகச் சிங்கப்பூரில் அமைத்த ஆய்வு அலுவலகம், ஒவ்வொரு நாட்டின் கடன் நிலையையும் மற்ற நாடுகளுக்கு முன்கூட்டியே சொல்கிறது. லாவோஸின் மின்சாரம் தாய்லாந்து, மலேசியா கடந்து சிங்கப்பூருக்கு 2022 முதல் போகத் தொடங்கியது. தென்னமெரிக்காவில் ஆண்டிஸ் மலை நாடுகள் 1970-இல் தொடங்கிய வளர்ச்சி வங்கியின் பெரும்பங்கு உரிமையாளர்கள் கடன் வாங்கும் நாடுகளே. வட்டாரச் சாலைக்கும் மின்பாதைக்கும் அது தன் பெயரிலேயே உலகச் சந்தையில் பணம் திரட்டுகிறது. இவற்றுள் எந்த வட்டாரத்திலும் நாடுகளுக்குள் பகை இல்லாமல் இல்லை.

எது வேலை செய்கிறது?

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. தெற்காசியாவில் ஒத்துழைப்பு பலித்த இடங்களிலெல்லாம் வேலை குறுகியது, விதி எழுதப்பட்டது, நடத்துபவர்கள் துறை வல்லுநர்கள். புயல் குழு அப்படி, நேபாள மின்சாரம் அப்படி, நாணய மாற்றும் அப்படி. பெரிய அறிவிப்பும் எட்டு நாடுகளின் ஒருமித்த சம்மதமும் தேவைப்பட்ட இடங்களில் எதுவும் நகரவில்லை. ஆகவே எல்லோரும் சேரும்வரை காத்திராமல், சேர விரும்பும் இரண்டு மூன்று நாடுகள் தொடங்கி மற்றவர்களுக்குக் கதவைத் திறந்துவைப்பதே நடக்கக்கூடிய வழி.

நிதியில் மூன்று மாற்றங்கள் அவசரமானவை. ஆசிய வளர்ச்சி வங்கியிலும் பெய்ஜிங் வங்கியிலும் எல்லை தாண்டும் திட்டங்களுக்கான பணம், நாட்டின் ஒதுக்கீட்டுக்கு மேல் தனியாக, பெரும்பகுதி மானியமாகக் கிடைக்க வேண்டும். அதைக் கேட்கும் வலிமை இரண்டிலும் பெரும் பங்குதாரரான இந்தியாவுக்கு உண்டு. திம்பு நிதியத்தை, விரும்பும் நாடுகள் மூலதனம் போட்டு, சந்தையில் பணம் திரட்டும் வங்கியாக வளர்க்க வேண்டும். பேரிடர் வந்தால் கடன் தவணை தானாகவே நிற்கும் விதியை அண்டை நாடுகள் தங்களுக்குள் கொடுக்கும் கடன்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

இவற்றோடு, பணம் யாருக்காகச் செலவாகிறதோ அவர்கள் பேச்சில் இருக்க வேண்டும். பூடான் லாரி ஓட்டுநரையும் ராமேஸ்வரம், யாழ்ப்பாண மீனவரையும் கேட்காமல் போட்ட கணக்குகள் என்ன ஆயின என்று பார்த்துவிட்டோம்.

இதில் முதல் அடி இந்தியாவுடையது. வட்டாரத்தின் மிகப் பெரிய பொருளாதாரம் அதிகம் கொடுப்பது மட்டும் போதாது. தானும் கட்டுப்படும் விதிகளை ஏற்க வேண்டும். இந்திய வரவு செலவுத் திட்டத்தில் வெளிநாடுகளுக்கான உதவி என்று ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. அதில் பெரும் பங்கு பூடானுக்குப் போகிறது. அது முழுக்கவும் டெல்லி ஒரு நாட்டோடு தனியாகப் பேசி முடிப்பது. அந்தத் தொகையில் ஒரு பகுதியை, மற்ற நாடுகளும் பணம் போட்டு, மற்ற நாடுகளும் வாக்களிக்கும் பொது நிதிக்கு மாற்றினால் போதும். இன்று ஒவ்வொரு நெருக்கடியின்போதும் நல்லெண்ணத்தை நம்பிக் காத்திருக்கும் சிறிய நாடுகளுக்கு, உரிமையோடு கேட்கக்கூடிய இடம் ஒன்று கிடைக்கும். 2030-க்குள் எல்லா இலக்கையும் எட்ட முடியாமல் போகலாம். அதற்குள் இந்த ஒரு நிதியைத் தொடங்கிவிட முடியும். தொடங்காமல் விட்டால் அடுத்த கெடுவும் இப்படியே கழியும்.